பைக் ரேஸ் கேமுக்கு எந்தக் கண்ட்ரோலர்? முதலில் ட்ரிகரைப் பாருங்கள்

பைக் ரேஸ் கேம் விளையாட ஆரம்பித்த கொஞ்ச நாளில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது: எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் போதுமா, பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் வாங்கலாமா, இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து எக்ஸ்பாக்ஸ் எலைட் மாதிரி ஒன்றை எடுத்தால் நேரம் குறையுமா, வீட்டில் ஏற்கெனவே கார் கேமுக்கு வாங்கிய ஸ்டியரிங் வீல் சும்மா இருக்கிறதே, அதையே மாட்டிவிடலாமா? விற்பனைப் பக்கங்களைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். அங்கே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சிறப்பம்சங்களில் முக்கால்வாசி துப்பாக்கிச் சுடும் கேம்களுக்காக யோசித்தவை. பைக் கேம் கேட்பது வேறு. அதில் ஒன்றிரண்டு அம்சங்கள் பைக் கேமுக்கு நேரடியாகவே கெடுதல் செய்யும், அவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக் கேமில் உங்கள் நேரத்தை முடிவு செய்வது முதலில் ட்ரிகர் (ஆள்காட்டி விரலால் அழுத்தும் விசை), அதற்கு அடுத்துதான் இடது ஸ்டிக்கின் (கட்டை விரலால் சாய்க்கும் குச்சி) நடுப்பகுதி, மற்றதெல்லாம் அப்புறம். ஏன் இந்த வரிசை என்று சொன்னால்தான் கீழே உள்ள ஒப்பீடு புரியும்.

## எதை வைத்து எடை போடுவது

ட்ரிகர். நிஜ பைக்கில் வலது கையில் ஆக்ஸிலரேட்டர், அதே கையின் விரல்களில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக். கேமில் முதல் இரண்டும் ஆள்காட்டி விரல்களுக்கு வந்துவிடுகின்றன. வளைவுக்குள் நுழையும்போது முன் பிரேக்கை ஒரேயடியாக விடாமல், பைக் சாயச் சாயக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். இதைத்தான் ட்ரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். சாய்ந்த நிலையில் ஒரு துளி கூடுதலாக அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கிக் கீழே போய்விடுவீர்கள். வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அவசரப்பட்டுத் திறந்தால் பின் சக்கரம் வழுக்கி, மறுபடி பிடித்து, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். கார் கேமில் இதே தவறுக்கு வண்டி லேசாக ஆடும், சரிசெய்துகொண்டு போய்விடலாம். பைக்கில் அந்த ரேஸே போய்விடும். ஆக மொத்தம் எல்லாம் ட்ரிகரின் ஒரு விரற்கடைக்கும் குறைவான ஓட்டத்துக்குள் நடக்கிறது. விண்டோஸில் பெரும்பாலான கேம்கள் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் முறையில் ட்ரிகருக்குக் கிடைப்பது 0 முதல் 255 வரை, அதாவது 256 படிகள் மட்டுமே. ஸ்டிக்குக்கோ ஒவ்வொரு பக்கமும் 32,000-க்கு மேல். ட்ரிகரில் இருக்கிற அந்த 256 படிகளையும் உங்கள் விரலால் பிரித்து உணர முடிய வேண்டும் என்றால் ஓட்டம் நீளமாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் சீராக இருக்க வேண்டும், ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காத வெற்று இடம் இருக்கக் கூடாது.

இடது ஸ்டிக். இது ஹேண்டில்பார் இல்லை என்பதை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான கேம்களில் ஸ்டிக்கைச் சாய்ப்பது "இவ்வளவு சாய வேண்டும்" என்று பைக்கிடம் கேட்பது. உலகின் முதன்மையான பைக் ரேஸான மோட்டோஜிபியில் ஓடும் பைக் 60 டிகிரிக்கு மேல் சாயும், அந்தச் சாய்விலிருந்து எதிர்ப்பக்கம் வருவதற்கு நேரம் எடுக்கும், நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீளமான வளைவில் ஸ்டிக்கை முக்கால் அளவில் பிடித்தபடியே, அதற்குள் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டிருப்போம். அதனால் வேகமாகத் தட்டித் தட்டித் திருப்ப உதவும் ஸ்டிக்கை விட, பாதியில் அசையாமல் பிடிக்க வசதியான ஸ்டிக்தான் மேல். நேர் பாதையில் அது சரியாக நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். இங்கேதான் டெட் ஸோன் வருகிறது. ஸ்டிக் லேசாக அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதிக்கு அந்தப் பெயர். எக்ஸ்இன்புட்டில் இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கப்பட்ட டெட் ஸோன் 32,767-இல் 7,849, ஏறக்குறைய 24 சதவீதம். ஒரு கேம் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஸ்டிக்கின் முதல் கால்வாசி ஓட்டம் வீண். நேர் பாதையில் பாதை மாறவும், லேசான வளைவில் கோட்டைப் பிடிக்கவும் வேண்டியது அந்தக் கால்வாசிதான்.

பின் பிரேக்கும் மற்ற பட்டன்களும். அமைப்பில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பின் பிரேக் பெரும்பாலும் ஒரு சாதாரண பட்டனுக்குப் போய்விடும். அழுத்தினால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் ஒன்றுமில்லை. கியர், குனிந்து படுப்பது, உடல் எடையை நகர்த்துவது, ஓட்டத்தின் நடுவே எஞ்சின் மேப்பையும் (எஞ்சின் சக்தி தரும் விதம்) டிராக்ஷன் கண்ட்ரோலையும் (பின் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் உதவி) மாற்றுவது, மோட்டோஜிபி 22 கேமிலிருந்து வந்த ரைடு ஹைட் கருவி (பைக்கின் உயரத்தைத் தாழ்த்துவது) என்று வலது கட்டை விரலுக்கு வேலை குவிகிறது. கட்டை விரல் எத்தனை இடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கை வலி. ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி ரேஸ் பாதையின் ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 200-க்கும் அதிகமான வளைவுகள், நல்ல வேகத்தில் ஓட்டினாலே பதினேழு நிமிடத்தை ஒட்டி ஆகும், நடுவில் விரலை எடுக்க இடமே இல்லை. மோட்டோஜிபியில் முழு நீள ரேஸ் வைத்தால் நாற்பது நிமிடம் தாண்டும். ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லும் கண்ட்ரோலர் அரை மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி.

எந்த இயந்திரம். பிளேஸ்டேஷன் 5-இல் அந்தக் கன்சோலுக்கான கேம்களுக்கு டூயல்சென்ஸ் அல்லது உரிமம் பெற்ற கண்ட்ரோலர் மட்டுமே செல்லும். பழைய டூயல்ஷாக் 4-ஐ இணைத்தால் பிளேஸ்டேஷன் 4 கேம்களை மட்டும் ஆடலாம். எக்ஸ்பாக்ஸிலும் உரிமம் பெற்றவைதான், 2023 இறுதியிலிருந்து உரிமம் இல்லாத துணைக்கருவிகளை அந்தக் கன்சோல்கள் தடுத்துவிடுகின்றன. கணினியில் எதையும் மாட்டலாம், ஆனால் கேம் அதைப் புரிந்துகொள்கிறதா என்பதுதான் சிக்கல்.

பார்க்கத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1000 ஹெர்ட்ஸ் போலிங் வேகம் என்று போட்டிருப்பார்கள், அதாவது கண்ட்ரோலரின் நிலை விநாடிக்கு எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பது. 250 ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் 3 மில்லிசெகண்ட், 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமே 16 மில்லிசெகண்டுக்கு மேல். சாய்வதற்கே அரை விநாடி எடுத்துக்கொள்ளும் பைக்கில் இது தெரியவே தெரியாது. விளக்குகள், நிறம், அதெல்லாம் உங்கள் விருப்பம்.

## ஒரே பார்வையில்

| கண்ட்ரோலர் | ட்ரிகர் | ஸ்டிக் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| எக்ஸ்பாக்ஸ் | சீரானது, எளிது | நாளடைவில் தேயும் | பேட்டரி | கணினி, எக்ஸ்பாக்ஸ் |
| டூயல்சென்ஸ் | எதிர்ப்பு தரும் | நாளடைவில் தேயும் | அடிக்கடி சார்ஜ், கணினியில் கேபிள் | பிளேஸ்டேஷன் 5 |
| எலைட் 2, டூயல்சென்ஸ் எட்ஜ் | நல்லது, ஆனால் பூட்டைத் தொடாதீர்கள் | இறுக்கம் மாற்றலாம் அல்லது கழற்றி மாற்றலாம் | விலையே | பட்டன்கள் போதாதவர்கள் |
| ஹால், டிஎம்ஆர் (காந்த உணரி) ஸ்டிக் உள்ளவை | மாடலைப் பொறுத்தது | நீண்ட நாள் உழைக்கும் | கன்சோல் உரிமம், ட்ரிகர் சோதனை | கணினியில் அதிகம் ஆடுபவர்கள் |
| ஸ்டியரிங் வீல் | பெடல் நல்லது | பொருந்தாது | மேசை, இடம் | பைக்குக்கு வேண்டாம் |
| ஹேண்டில்பார் | மிக நல்லது | நீங்களே அமைப்பது | நேரம் | ஜிபி பைக்ஸ் போன்ற சிமுலேட்டர்கள் |
| ஸ்விட்ச் கண்ட்ரோலர்கள் | ஆன், ஆஃப் மட்டும் | பரவாயில்லை | ஆக்ஸிலரேட்டர் நுட்பமே கிடையாது | வேறு வழி இல்லாதபோது |

## எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்

கணினியில் ஆடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், பெரிதாக யோசிக்கவும் வேண்டாம். மாட்டினால் வேலை செய்யும். கணினிக்கு வரும் கேம்கள் இதை மனதில் வைத்தே சோதிக்கப்படுகின்றன, திரையில் வரும் பட்டன் படங்களும் பொருந்தும். ட்ரிகர் அகலமாக, விரல் வழுக்காத மேற்பரப்போடு இருக்கிறது, அழுத்தம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சீராகக் கூடுகிறது. ட்ரெயில் பிரேக்கிங் கற்றுக்கொள்ள இந்தச் சீர்மைதான் வேண்டும், ஏனென்றால் விரல் பழகிக்கொள்வது ஒரு அழுத்தத்தை.

ட்ரிகருக்குள்ளேயே சின்ன அதிர்வு மோட்டார்கள் இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸில் சில கேம்களில் பின் சக்கரம் வழுக்கும்போது விரல் நுனியிலேயே தெரியும், அது உண்மையிலேயே உதவும். ஆனால் கணினியில் எக்ஸ்இன்புட் வழியாக ஓடும் கேம்களில் அந்த மோட்டார்கள் வேலை செய்யாது, கைப்பிடியில் இருக்கும் இரண்டு மோட்டார்கள் மட்டும்தான். இதை நம்பிக் கணினிக்கு வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், பழைய பைக் கேம்களை விரும்பி ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். எக்ஸ்இன்புட்டுக்கு முந்தைய டைரக்ட்இன்புட் முறையில் எழுதப்பட்ட பழைய கேம்களுக்கு இந்தக் கண்ட்ரோலரின் இரண்டு ட்ரிகர்களும் ஒரே அச்சாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திறக்கும் இடத்தில் பைக் ஒன்றுமே செய்யாமல் போகும், நீங்கள் பைக்கின் செட்டப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டீம் இன்புட் (ஸ்டீம் கேம் செயலியில் கண்ட்ரோலரை மாற்றி அமைக்கும் வசதி) வழியாக மாற்றி அமைத்தால் தீர்ந்துவிடும், ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் பேட்டரி. இரண்டு ஏஏ பேட்டரி போடும் அமைப்பு, சார்ஜ் ஏறும் பேட்டரியை ஒரு முறை வாங்கிக்கொண்டால் கவலை இல்லை. எனக்கு இது பிடித்த அமைப்பும்கூட. உள்ளே ஒட்டி வைத்த பேட்டரி தளர்ந்து போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஸ்டிக் மட்டும் பொட்டென்ஷியோமீட்டர் வகை, கார்பன் பட்டையின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருப்பதால் நாளாவட்டத்தில் தேய்ந்து டிரிஃப்ட் வரும். அதாவது கை வைக்காமலே ஸ்டிக் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகக் கேம் நினைத்துக்கொள்ளும். அசைவை உணரும் கைரோவும் இதில் கிடையாது.

## டூயல்சென்ஸ்

பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்தால் பெட்டியிலேயே வந்திருக்கும், கூடுதலாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இதன் ட்ரிகருக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது, கேம் சொன்னால் அழுத்தத்துக்கு எதிர்ப்பு தரும். ரைட் 4 என்ற பைக் கேமின் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் இதைப் பயன்படுத்துகிறது. முன் பிரேக் லீவரைப் பிடிப்பது போன்ற ஒரு கனம் விரலுக்குக் கிடைக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கணக்காகத் தெரிகிறது. எதிர்ப்பு இல்லாத ட்ரிகரில் விரல் இருக்கும் தூரத்தை மட்டுமே வைத்து ஊகிக்கிறோம், இதில் அழுத்தத்தை வைத்தும் ஊகிக்கலாம். பிரேக்கில் இது உண்மையான லாபம். ஆக்ஸிலரேட்டரில் அந்த அளவுக்கு இல்லை, நிஜ பைக்கின் ஆக்ஸிலரேட்டர் லேசானதுதானே.

நீண்ட ரேஸில் ஆள்காட்டி விரல் களைத்துப் போவது பலருக்கும் நடக்கும். அப்படி நடந்தால் கன்சோலின் அமைப்பில் ட்ரிகர் எதிர்ப்பைக் குறைக்கவோ முழுசாக நிறுத்தவோ முடியும். முழுசாக நிறுத்துவதற்கு முன் குறைந்த அளவை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

கணினியில் கதை வேறு. ட்ரிகர் எதிர்ப்பும் நுணுக்கமான அதிர்வும் கேமே ஆதரவு தந்தால்தான் வரும், அதிலும் பெரும்பாலும் கேபிள் வழியாக இணைத்திருந்தால்தான். ஸ்டீம் இன்புட்டை இயக்கினால் பல கேம்களுக்கு இது ஒரு எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலராகத் தெரியும், அப்போது இந்தச் சிறப்புகள் போய்விடும். கணினிக்கு மட்டும் என்றால் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கைரோ வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அதைக் கீழே சொல்கிறேன்.

பேட்டரி 1,560 எம்ஏஎச், உள்ளேயே பொருத்தியது. அதிர்வும் எதிர்ப்பும் முழுசாக இருந்தால் வேகமாக இறங்கும், நீண்ட சீசன் ஓட்டுகிறவர்கள் கேபிளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டிக்கில் இதுவும் பொட்டென்ஷியோமீட்டர். ட்ரிகருக்குள் பாகங்கள் அதிகம் என்பதால் பழுதானால் சரிசெய்வதும் சிக்கலானது.

## எலைட் 2, டூயல்சென்ஸ் எட்ஜ்

விலை உயர்ந்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசை அதிகம் இங்கேதான். "ஹேர் ட்ரிகர்" என்று ஒரு பூட்டு இருக்கும், ட்ரிகரின் ஓட்டத்தைப் பாதியாகவோ ஒரு கிளிக் அளவாகவோ குறைத்துவிடும். எலைட் 2-இல் மூன்று நிலைகள். சுடும் கேமில் அது வேகம். பைக் கேமில் உங்கள் 256 படிகளையும் பாதி தூரத்துக்குள் நெருக்கித் திணிப்பதாக ஆகிவிடும், சில சமயம் முழு அளவு ஆக்ஸிலரேட்டரே கிடைக்காமலும் போகும். வாங்கினால் அந்தப் பூட்டை முழு ஓட்டத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அப்படியானால் காசு எதற்கு? இரண்டு விஷயங்களுக்கு. முதலாவது பின்பக்கப் பட்டன்கள். கியர் ஏற்றுவதையும் இறக்குவதையும் அங்கே மாற்றிவிட்டால் வலது கட்டை விரல் ஸ்டிக்கிலேயே இருக்கலாம், உடல் எடையை நகர்த்துவதும் பின் பிரேக் பட்டனும் கைக்குள் வந்துவிடும். மண் பாதையில் குதித்து ஓட்டும் மோட்டோகிராஸ் கேம்களில் இது இன்னும் பெரிய விஷயம். அங்கே இடது ஸ்டிக் பைக்கையும் வலது ஸ்டிக் ஓட்டுபவரின் உடலையும் நகர்த்தும், குதித்துப் பறக்கும்போது வலது கட்டை விரலை எடுத்தால் தரையிறங்குவது கெட்டுப்போகும். எலைட் 2-இல் நான்கு பின்பக்கப் பட்டன்கள், எட்ஜில் இரண்டு.

இரண்டாவது ஸ்டிக். எலைட் 2-இல் ஸ்டிக்கின் இறுக்கத்தைக் கூட்டலாம், உயரமான தலையும் மாட்டலாம். உயரமான ஸ்டிக் என்றால் அதே சாய்வுக்குக் கட்டை விரல் அதிக தூரம் போக வேண்டும், அதனால் நுணுக்கம் கூடும். பாதியில் பிடித்து நிறுத்த இறுக்கம் உதவும். பைக் கேமுக்கு இந்த இரண்டும் நேரடியாகப் பலன் தருவதைப் பார்க்கலாம். எட்ஜில் ஸ்டிக் பகுதியை அப்படியே கழற்றிப் புதிதாக மாட்டலாம், டிரிஃப்ட் வந்தால் முழுக் கண்ட்ரோலரையும் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அந்தப் பகுதியைத் தனியாக வாங்க வேண்டும். எட்ஜின் பேட்டரி 1,050 எம்ஏஎச், சாதாரண டூயல்சென்ஸை விடச் சிறியது. இவ்வளவு கொடுத்தும் இரண்டிலும் ஸ்டிக் அதே பொட்டென்ஷியோமீட்டர் வகைதான் என்பது எனக்கு ஏற்றுக்கொள்ளவே முடியாத விஷயம்.

உயரமான ஸ்டிக்தான் உங்களுக்கு வேண்டியது என்றால் சாதாரண கண்ட்ரோலரின் ஸ்டிக் தலையில் பொருத்தும் நீட்டிப்புத் தொப்பிகள் தனியாகக் கிடைக்கின்றன. எலைட் விலையில் ஒரு சிறு பங்கில் அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முதலில் அதைச் செய்து பாருங்கள், அதற்குப் பிறகும் பட்டன் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் பெரிய செலவைப் பற்றி யோசியுங்கள்.

## ஹால், டிஎம்ஆர் ஸ்டிக் உள்ள கண்ட்ரோலர்கள்

8பிட்டூ, கேம்சர், ஃப்ளைடிஜி போன்ற நிறுவனங்களின் பல மாடல்கள் இந்த வகையில் வருகின்றன. ஹால் ஸ்டிக்கில் காந்தமும் அதன் புலத்தை அளக்கும் உணரியும்தான், உரசும் பாகம் இல்லை, அதனால் தேய்மானத்தால் வரும் டிரிஃப்ட் இல்லை. டிஎம்ஆர் அதே காந்த அடிப்படையில் இன்னும் நுணுக்கமாக, குறைந்த மின்சாரத்தில் அளப்பது. தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல, சேகா ட்ரீம்காஸ்டின் கண்ட்ரோலரிலேயே ஹால் உணரி இருந்தது.

பைக் கேமுக்கு இதன் லாபம் நீண்ட ஆயுள் மட்டும் இல்லை. நடுப்பகுதி நிலையாக இருப்பதால் டெட் ஸோனை மிகக் குறைவாக வைக்கலாம். மேலே சொன்ன அந்த முதல் கால்வாசி ஓட்டத்தின் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். டிடி பாதையில் ஆறாம் கியரில் சின்னச் சின்ன வளைவுகளைக் கடக்கும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேமுக்குள்ளேயே டெட் ஸோன் நிலையாகப் பூட்டப்பட்டிருந்தால், கண்ட்ரோலரின் மென்பொருளிலோ ஸ்டீம் இன்புட்டிலோ எதிர் டெட் ஸோன் (ஸ்டிக் அசைந்ததும் அந்த வெற்றுப் பகுதிக்கு வெளியே இருந்து எண்ணைத் தொடங்கும் அமைப்பு) வைத்து அதைத் தாண்டலாம்.

ஆனால் பெட்டியின் மேல் "ஹால்" என்று எழுதியிருந்தால் அது ஸ்டிக்குக்கா, ட்ரிகருக்கா, இரண்டுக்குமா என்று பாருங்கள். 8பிட்டூ அல்டிமேட் 2சி-யில் இரண்டுக்கும் உண்டு. ட்ரிகர் எந்த உணரியோடு வந்தாலும் அதன் ஓட்டமும் ஸ்பிரிங்கும் எப்படி என்பதை யாராவது ரேஸ் கேம் ஆடுகிறவர் எழுதிய அனுபவத்தில் தேடிப் படியுங்கள், சுடும் கேம் ஆடுகிறவர்கள் குட்டையான ட்ரிகரைப் பாராட்டியிருப்பார்கள். மற்ற சிக்கல் உரிமம். கணினிக்கு வாங்கும் மாடல் எக்ஸ்பாக்ஸிலோ பிளேஸ்டேஷன் 5-இலோ வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது. கேம்சர் ஜி7 எஸ்இ போன்ற சில எக்ஸ்பாக்ஸ் உரிமத்தோடு வருகின்றன, அவை கேபிள் வகை. பைக் கேமுக்குக் கேபிள் ஒரு குறையே இல்லை.

கணினியில் தினமும் ஆடுகிறவர், ஏற்கெனவே ஒரு கண்ட்ரோலரை டிரிஃப்டுக்குப் பறிகொடுத்தவர் என்றால் இந்த வகைதான் என் தேர்வு.

## கைரோவை வைத்துச் சாய்ப்பது

டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4, ஸ்விட்ச் ப்ரோ ஆகியவற்றில் அசைவு உணரி இருக்கிறது. கணினியில் ஸ்டீம் இன்புட் மூலம் கண்ட்ரோலரைச் சாய்த்தால் இடது ஸ்டிக் சாய்வது போல அமைக்கலாம். பைக் கேமுக்குக் கேட்கவே பொருத்தமாக இருக்கிறது, முதல் அரை மணி நேரம் மிகவும் சந்தோஷமாகவும் இருக்கும். சிக்கல் என்னவென்றால் நடு எங்கே என்று கைக்குத் தெரியாது, ஸ்டிக்கில் ஸ்பிரிங் சொல்லும், இங்கே கண்தான் பார்க்க வேண்டும். நேரத்துக்காகப் போட்டியிடுகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டை விரல் வலி இருப்பவர்களுக்கு இது நல்ல மாற்று, அதுவும் ஏற்கெனவே கையில் இருக்கும் கண்ட்ரோலரிலேயே செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

## ஸ்டியரிங் வீல்

வேண்டாம். வேகத்தில் போகும் பைக்கின் ஹேண்டில்பார் சில டிகிரிதான் திரும்பும், அதுவும் வலது பக்கம் சாய முதலில் பாரை இடது பக்கமாகத் தள்ள வேண்டியிருக்கும். 900 டிகிரி சுழலும் சக்கரத்தில் இதற்கு இணையான அசைவு எதுவும் கிடையாது. மைல்ஸ்டோனின் மோட்டோஜிபி, ரைட் தொடர்கள் கேம்பேடை மையமாக வைத்தே செய்யப்பட்டவை. 2017-இல் தொடங்கிய மோட்டோஜிபி ஈஸ்போர்ட் போட்டியில் முன்னணியில் இருப்பவர்களும் கேம்பேடில்தான் ஓட்டுகிறார்கள்.

ஆனால் வீலோடு வந்த பெடல்களைத் தூக்கிப் போடாதீர்கள். கணினியில் ஜிபி பைக்ஸ் போன்ற சிமுலேட்டர்களில் ஒரே நேரத்தில் பல கருவிகளை இணைக்கலாம். கேம்பேடைக் கையில் வைத்துக்கொண்டு பின் பிரேக்கை மட்டும் வலது கால் பெடலுக்குக் கொடுங்கள். பட்டனில் ஆன், ஆஃப் ஆக இருந்த பின் பிரேக் அளந்து அழுத்தக்கூடியதாக மாறிவிடும், அதுவும் நிஜ பைக்கில் இருக்கும் அதே காலில். வீல் வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் என் கணக்கில் இதுதான். பெடல் இல்லாதவர்கள் பின் பிரேக்கை வலது ஸ்டிக்கைக் கீழே இழுப்பதற்கு மாற்றிக்கொள்ளலாம், கேம் அனுமதித்தால்.

## ஹேண்டில்பார்

1985-இலேயே சேகாவின் ஹேங்-ஆன் ஆர்கேட் இயந்திரத்தில் பைக் மேல் உட்கார்ந்து உடம்பால் சாய்த்து ஓட்டினார்கள். வீட்டுக்கு அதே போல ஒன்று வேண்டும் என்ற ஆசை நியாயமானது. முழுசாகச் சாயும் சிமுலேட்டர்கள் விற்பனையில் இருக்கின்றன, ஆனால் அவை பயிற்சி நிலையங்கள் வாங்கும் விலையிலும் அளவிலும் இருப்பவை.

கைவேலை தெரிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. மின்சார சைக்கிளில் வரும் முறுக்கு ஆக்ஸிலரேட்டர் ஒரு ஹால் உணரி, சுமார் 0.8 வோல்ட் முதல் 4.2 வோல்ட் வரை தரும். அதை ஆர்டுயினோ லியனார்டோ என்ற சிறிய மின்னணு போர்டில் இணைத்தால் கணினிக்கு அது ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தெரியும். அந்த போர்டு 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிப்பதால் ஆக்ஸிலரேட்டரின் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 700 படிகள் கிடைக்கும். ட்ரிகரின் 256-ஐ விட அதிகம், அதோடு விரலின் சிறு ஓட்டத்துக்குப் பதிலாக மணிக்கட்டின் முழுத் திருகலில் பரவியிருக்கும். ஆக்ஸிலரேட்டர் நுணுக்கத்தில் இதை எதுவும் தொடாது.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். எக்ஸ்இன்புட் மட்டும் பேசும் கேம்களில் இதை எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலராக நடிக்க வைக்க வேண்டும், அப்போது படிகள் மறுபடி 256-க்குச் சுருங்கும். கன்சோலில் இதை நேரடியாக இணைக்க முடியாது. சாய்வதற்கு நீங்கள் செய்யும் பார், எதிர்விசை எதுவும் தராத வெறும் ஸ்பிரிங்தான், அதில் கேம்பேட் நேரத்தை எட்ட நிறையப் பழக வேண்டும். ஜிபி பைக்ஸ் அல்லது மோட்டோகிராஸ் சிமுலேட்டரான எம்எக்ஸ் பைக்ஸ்தான் உங்கள் முக்கிய கேம், நேரத்தை விட ஓட்டும் உணர்வுதான் வேண்டும், சால்டரிங் செய்வது பிடிக்கும் என்றால் தாராளமாக இறங்குங்கள்.

## ஸ்விட்ச், கீபோர்டு

ஸ்விட்ச் ப்ரோ கண்ட்ரோலரின் ட்ரிகர்கள் வெறும் பட்டன்கள், ஸ்விட்ச் 2 ப்ரோவிலும் அப்படித்தான். கீபோர்டும் அதே கதை, அதில் ஸ்டிக்கும் இல்லை. உதவி அமைப்புகளை எல்லாம் இயக்கி வைத்து ஆடினால் மகிழ்ச்சியாக ஓட்டலாம், டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்ட முடியாது. ஆக்ஸிலரேட்டரை வலது ஸ்டிக்குக்கு மாற்ற கேம் அனுமதித்தால் அதைச் செய்யுங்கள்.

## வாங்கிய அன்றே சோதிக்க வேண்டியவை

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். கணினியில் ஸ்டீமின் கண்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ட்ரிகரை உங்களால் முடிந்த அளவு மெதுவாக அழுத்துங்கள். எண் உடனே நகர ஆரம்பிக்க வேண்டும், நடுவில் தாவக் கூடாது, விரல் முழுசாக உள்ளே போவதற்குக் கொஞ்சம் முன்பாகவோ அப்போதோ உச்சத்தைத் தொட வேண்டும். பாதித் தூரத்திலேயே உச்சம் வந்துவிட்டால் அந்தக் கண்ட்ரோலர் பைக் கேமுக்கு ஆகாது. பிறகு ஸ்டிக்கை நான்கு பக்கமும் இழுத்து விட்டு விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் எங்கே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்றால் நடு கொஞ்சம் தள்ளியிருந்தாலும் சரிசெய்துவிடலாம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் டெட் ஸோனைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் கேமுக்குள் போய், நடுத்தர சக்தி உள்ள ஒரு பைக், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாதை, பிரேக் இரண்டும் தனித்தனி, டிராக்ஷன் கண்ட்ரோல் குறைந்த அளவில். இரண்டாம் கியரில் போகும் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முன் பிரேக்கை வளைவின் நடுப்புள்ளி வரை இழுத்துக்கொண்டு போய் விட முடிகிறதா, ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசியில் நிறுத்தி வைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், சுற்று நேரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் கால்வாசியில் நிற்காமல் விரல் நழுவிக்கொண்டே இருந்தால் ஸ்டீம் இன்புட்டில் ட்ரிகரின் வளைகோட்டை ஆரம்பத்தில் மெதுவாக ஏறும்படி மாற்றுங்கள். அதுவும் உதவவில்லை என்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை எடுங்கள்.